தென்னை சாய்ந்த ஊருக்கு 10 லட்சம்: எதில் போடலாம்?

2018 நவம்பர் 16 அன்று பின்னிரவில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்ததும் கதவைத் திறந்தவர்களுக்குத் தோப்பு இருந்த இடத்தில் வெட்டவெளியும் வானமும்தான் தெரிந்தன. முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு என்று ஊர் ஊராகத் தென்னை சாய்ந்து கிடந்தது. 80,000 பேருக்கு மேல் முன்கூட்டியே முகாம்களில் சேர்த்திருந்ததால் பல உயிர்கள் தப்பின. ஆனால் தாத்தா வைத்து, அப்பா வளர்த்து, பேத்தியின் கல்லூரிக் கட்டணம் வரை கட்டிக்கொண்டிருந்த மரங்கள் ஒரே இரவில் போய்விட்டன.

இரண்டு வாரத்துக்குள் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் 10 லட்ச ரூபாய் திரட்டி அனுப்பிவிட்டார்கள். கோயில் திண்ணையில் கூட்டம் கூடியது. அரிசி, பருப்பு வாங்கிக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். தலைக்கட்டுக்கு, அதாவது ஊர் வரி கட்டும் குடும்பத்துக்கு, இவ்வளவு என்று பணமாகப் பிரித்துவிடலாம் என்றார் இன்னொருவர். ஆளுக்கு 20 தென்னங்கன்று, கூரை வீட்டுக்காரர்களுக்குக் கல்வீடு, பால்மாடு என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லோர் பேச்சிலும் நியாயம் இருந்தது. நாங்கள் செய்ததில் சில சரியாக அமைந்தன, சில தவறாகப் போயின. அதன் பிறகு எந்தக் கரையில் புயல் அடித்தாலும் யாராவது தொலைபேசியில் கூப்பிட்டு, "கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, எதில் போடுவது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் எல்லா யோசனைகளையும் நிறுத்துப் பார்க்கிறேன். இந்த உதவியைப் பெறும் வீட்டில், சொந்த உழைப்பின் அடுத்த காசு எந்த மாதம் கையில் விழும்?

ஏன் இந்தக் கேள்வி என்பதற்கு ஒரு சிறு கணக்கு. 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னை. விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. ஏக்கருக்கு 77,000 ரூபாய். நன்றாகப் பார்த்துக்கொண்ட மரம் ஆண்டுக்கு 100 காய் கொடுக்கும். காய்க்கு 10 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் ஏக்கருக்கு 70,000 ரூபாய் வரவு. அதாவது அந்த நிவாரணம் ஏறத்தாழ ஓராண்டு வரவுக்குச் சமம். புதிதாக வைக்கும் நெட்டை ரகத் தென்னங்கன்று பாளை விடுவதற்கோ ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். நடுவில் உள்ள அந்தப் பள்ளத்தில்தான் குடும்பங்கள் விழுகின்றன.

அந்த ஓராண்டுப் பணமும் பட்டா வைத்திருப்பவருக்குத்தான். காய் பறிப்பவர், மட்டை உரிப்பவர், கயிற்றுத் தொழிற்சாலைக்குப் போகிறவர், கீற்று முடையும் பெண்கள் ஆகியோர் பெயரில் ஒரு மரமும் இல்லை. அதனால் எந்தப் பட்டியலிலும் அவர்கள் இழப்பு ஏறவில்லை. கீற்று முடைபவர்களின் நிலை எனக்கே பிறகுதான் புரிந்தது. புயல் முடிந்த சில வாரங்களுக்கு ஊரெங்கும் மட்டை குவிந்து கிடந்ததால் வேலைக்குக் குறைவில்லை. அது தீர்ந்த பிறகு முடைவதற்கு மட்டையே இல்லை. எல்லோரும் நிவாரணத்தை முடித்துக்கொண்டு திரும்பிய நேரத்தில்தான் அவர்களுடைய பஞ்சம் தொடங்கியது.

முதல் பத்து நாள்

இந்த நாட்களில் பிழைப்பைப் பற்றிப் பேச முடியாது. தண்ணீர், கூரை, வெளிச்சம் மூன்றும்தான். இங்கே ஒப்பிட வேண்டியது லாரி நிறையப் பொருளா, வாடகை ஜெனரேட்டரா என்பதை. எனக்கு இதில் சந்தேகமே இல்லை, ஜெனரேட்டர்தான். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மோட்டார் ஓடவில்லை என்றால் மேல்நிலைத் தொட்டி நிரம்பாது. வீட்டுக் குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. ஒரு ஜெனரேட்டரைத் தெருத் தெருவாக இழுத்துச் சென்று தொட்டியை நிரப்பினால், ஏழை, பணக்காரர் என்ற பேதம் இல்லாமல் ஊர் முழுவதற்கும் குடிதண்ணீர் கிடைக்கும். கைப்பேசிக்கும் உயிர் வரும்.

பொருள் வண்டிகள் பெரும்பாலும் முதன்மைச் சாலையில் இருந்த ஊர்களோடு நின்றுவிட்டன. அங்கே நான்கு முறை அரிசி வாங்கியவர்கள் இருந்தார்கள். மரம் விழுந்து பாதை அடைபட்ட உள்கிராமங்களில் மூன்றாம் நாள் வரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பழைய துணி அனுப்புவதை அடியோடு விட்டுவிடலாம். பள்ளிக்கூடத் திண்ணையில் மழையில் நனைந்து நாறிக் கிடந்த துணிமூட்டைகளை அள்ளிப் போடவே எங்களுக்கு ஒரு நாள் ஆனது. பொருளாகத்தான் தர வேண்டும் என்றால் தார்ப்பாய், டார்ச், கொசுவத்தி, நாப்கின், பால்மாவு. தார்ப்பாய் கெட்டியானதாக இருக்க வேண்டும். மெல்லியது அடுத்த காற்றிலேயே கிழிந்துவிடும்.

பணமாகக் கொடுத்தால்

பணத்துக்கு ஒரு பெரிய சிறப்பு உண்டு. அவரவர் வீட்டுத் தேவை அவரவருக்குத்தான் தெரியும். உள்ளூர் மளிகைக் கடையிலேயே வாங்குவார்கள், கடைக்காரரும் பிழைப்பார். எனவே பணம் தருவதே சிறந்தது என்று முதலில் நானும் நினைத்தேன்.

இரண்டு காரணங்களால் மனம் மாறினேன். நுண்கடன் நிறுவனங்களின் வாரத் தவணை முதலாவது. எங்கள் பகுதியில் பல பெண்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் குழுக்கடன் வாங்கியிருந்தார்கள். புயல் ஓய்ந்த சில வாரங்களிலேயே வசூலுக்கு ஆட்கள் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்பதால் மானத்துக்கு அஞ்சி, வந்த உதவிப் பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தவர்கள் உண்டு. நாங்கள் ஒரு கையில் கொடுத்தது மறு கை வழியே ஊரைவிட்டுப் போய்விட்டது.

இரண்டாவது, தலைக்கட்டுக் கணக்கு. கோயில் வரிக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். நிவாரணத்துக்கு அது அநியாயம். கணவனை இழந்து தனியாக வாழும் பெண் அதில் வருவதில்லை. ஊர் வரியில் சேர்க்கப்படாத ஒடுக்கப்பட்ட தெருக்காரர்கள் வருவதில்லை. அவர்கள்தான் தோப்புகளில் அதிகம் வேலை பார்த்தவர்கள். யாரைக் கேட்டுப் பட்டியல் போடுகிறோம் என்பதிலேயே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. பட்டியல் போட ஊர்ப் பெரியவர்களோடு அங்கன்வாடிப் பணியாளரையும் கூட்டிக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

ஆகவே பணத்தை, உழைக்க இயலாத முதியவர்களுக்கும் தனித்து வாழும் பெண்களுக்கும் மட்டும், அவர்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில், மாதாமாதம் சிறு தொகையாகப் போடுவதே நல்லது.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய்விருந்து நடக்கும். ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஒருவர் விருந்து வைத்து, மற்றவர்களுக்கு அதுவரை தான் செய்த மொய்யைக் கூடுதலோடு திரும்ப வாங்குவார். கிணறு வெட்டியதும், பெண்ணுக்குத் திருமணம் செய்ததும், மகனை வெளிநாட்டுக்கு அனுப்பியதும் பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான். புயலுக்கு அடுத்த ஆடியில், திருப்பித் தர வேண்டியவர்கள் கையிலும் காசில்லை, வசூல் சரிந்தது. நான்கைந்து ஆண்டுகளாக மொய் எழுதிவிட்டுத் தன் முறைக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கு அது இரண்டாவது புயல். வெளியூரிலிருந்து வரும் எந்தத் தொண்டு அமைப்பின் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் இருக்காது. அந்த ஆண்டு யாருடைய முறை என்று கேட்டறிவது உள்ளூர்க் குழுவால் மட்டுமே முடியும். கந்துவட்டிக்குப் போய்விடக்கூடியவர்கள் அவர்கள்தான்.

மரத்தை அகற்றுவதா, கன்று வைப்பதா

இதில்தான் நாங்கள் பெரிய தவறு செய்தோம். கன்று கொடுப்பது கண்ணுக்கு அழகாக இருக்கிறது. வரிசையில் நின்று வாங்குகிறார்கள், படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பலாம், அனுப்பியவர்களுக்கும் மனம் நிறைகிறது. விழுந்த மரத்தை அறுத்து இழுத்துப் போடுவதை யார் படம் எடுப்பார்கள்? எனவே எங்கள் பணத்தில் ஒரு பங்கு முதல் சில மாதங்களிலேயே கன்றுகளுக்குப் போய்விட்டது.

மட்கும் தென்னந்தடிதான் காண்டாமிருக வண்டு முட்டையிட விரும்பும் இடம். தடிக்குள்ளேயே புழு தின்று வளர்ந்து, ஆறேழு மாதத்தில் அடுத்த தலைமுறை வண்டு பறந்து வெளியே வருகிறது. அது நேரே போய்க் குருத்தைக் குடைகிறது. வளர்ந்த மரம் அதைத் தாங்கிக்கொள்ளும், ஓலையில் கத்தரித்தது போன்ற வெட்டு மட்டும் தெரியும். இளங்கன்று தாங்காது. அது குடைந்த காயம் வழியாகச் சிவப்புக் கூன்வண்டும் உள்ளே நுழையும். அகற்றாத தடிகளுக்கு நடுவில் கன்று வைப்பதென்றால், வண்டுக்கு வீட்டையும் சோற்றையும் நாமே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுக்கிறோம். எங்கள் கன்றுகளில் பெரும்பகுதி அப்படித்தான் போனது. அவற்றை வாங்கிச் சென்றவர்களின் முகத்தைப் பார்த்தபோது ஏற்பட்ட வேதனையை இன்றும் மறக்க முடியவில்லை.

ஆகவே முதலில் தடியை அகற்ற வேண்டும். அதிலும் எல்லோருடைய தோப்பையும் அல்ல. சாலையோரத்துப் பெரிய தோப்புகளில் மர வியாபாரிகளே வந்து செங்கல் சூளைக்கு எடுத்துக்கொண்டார்கள். வண்டிப்பாதை இல்லாத, உள்ளே கிடக்கும் ஓர் ஏக்கர், அரை ஏக்கர்க்காரர்களைத்தான் யாரும் சீண்டவில்லை. ஜேசிபி வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாதவர்களும் அவர்களே. ஊர்ப் பொதுவில் இரண்டு மூன்று மர அறுவை இயந்திரங்களை வாங்கி, ஓட்டத் தெரிந்த இளைஞர்களுக்குக் கூலி கொடுத்துச் சுற்றவிட்டால் இரண்டு நன்மை. தோப்பு சுத்தமாகும், நிலமற்ற வீடுகளுக்கு அன்றாடக் கூலி கிடைக்கும். அடிக்கட்டையையும் தோண்டி எடுக்க வேண்டும். மேலே அறுத்துவிட்டு அடியை விட்டால் வண்டுக்கு அது போதும். எடுக்க முடியாதவற்றிலும் எருக்குழியிலும் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தை இட்டால் புழு சாகும். இளங்கன்றின் மட்டை இடுக்கில் வேப்பம் பிண்ணாக்கும் மணலும் கலந்து இடுவது பழைய முறை, இன்றும் பலன் தருகிறது.

கன்று எப்போது, எந்த ரகம்? தாய்மரத்தில் ஒரு காய் முற்ற ஓராண்டு. நாற்றங்காலில் அது தகுந்த கன்றாக ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம். ஆக, புயலுக்குப் பிறகு புதிதாக நினைத்து உருவாக்கும் நல்ல கன்று கைக்கு வர இரண்டு ஆண்டு ஆகும். மறு ஆண்டே வண்டி வண்டியாகக் கன்று விற்க வந்தால், அது எந்தத் தோப்பின் காய் என்று கேளுங்கள். தென்னையில் இன்று செய்யும் தவறு ஆறு ஆண்டு கழித்துத்தான் தெரியும். கழுத்துச் சுற்றளவு 10 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், ஆறு இலைக்குக் குறையாமலும் இருக்கும் கன்றே வேண்டும்.

ரகத்தைப் பொறுத்தவரை கூட்டத்தில் சண்டையே வந்தது. நெட்டை நீண்ட நாள் வாழும், வறட்சியைத் தாங்கும், கொப்பரைக்கு ஏற்றது, ஆனால் காத்திருக்க வேண்டும். குட்டை மூன்று நான்கு ஆண்டில் காய்க்கும், இளநீருக்கு நல்லது, நோய்க்கும் வறட்சிக்கும் எளிதில் இளைத்துவிடும். நெட்டை, குட்டை ஒட்டு நடுவில் நிற்கும்: நான்கைந்து ஆண்டில் காய்க்கும், ஆனால் தண்ணீரும் எருவும் குறையக் கூடாது. நான் இதை ரகத்தின் கேள்வியாகவே பார்ப்பதில்லை, தண்ணீரின் கேள்வியாகப் பார்க்கிறேன். சொந்த ஆழ்துளைக் கிணறு உள்ளவர் ஒட்டு வைக்கட்டும். கல்லணைக் கால்வாயின் கடைமடையில், வந்தால் உண்டு வராவிட்டால் இல்லை என்று ஆற்றுத் தண்ணீரை நம்பி இருப்பவர் நெட்டையே வைக்க வேண்டும். பட்டுக்கோட்டை வட்டாரத்து வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் தந்த வி.பி.எம். 3 என்ற நெட்டை, அந்தமான் ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. நம் மண்ணிலேயே பழகியது. சீக்கிரம் காய்க்கும் என்ற ஒரே காரணத்துக்காகத் தண்ணீர் இல்லாதவர் தலையில் ஒட்டுக் கன்றைக் கட்டுவது உதவி ஆகாது.

நின்ற மரங்களையும் மறந்துவிடக் கூடாது. குருத்து முறுக்கிய மரங்களில் பல மெதுவாகச் செத்தன. பிழைத்தவையும் இரண்டு ஆண்டுக்கு மேல் ஒழுங்காகக் காய்க்கவில்லை. விழுந்த மரத்தை எண்ணிய கணக்கில் இவை சேரவில்லை.

இடைப்பட்ட ஆண்டுகள்

என் கேள்விக்கு நேரான விடை இங்கேதான் இருக்கிறது. தோப்பு போன நிலத்தில் வெயில் விழுகிறது. அது ஓர் இழப்பின் அடையாளம்தான் என்றாலும் அந்த வெயிலில் உளுந்து 70 நாளில் காய்ந்து கைக்கு வரும். நிலக்கடலை மூன்றரை மாதம். செடிமுருங்கை ஆறு மாதம். ஏக்கருக்கு 8 கிலோ உளுந்து விதை போதும், ஒரு குடும்பத்தின் அடுத்த காசு இரண்டரை மாதத்துக்குள் வந்துவிடுகிறது. தென்னங்கன்றுக்குச் செலவிடும் அதே பணத்தை விதைக்கும் உழவுக்கும், உடைந்த குழாய்க்கும், எரிந்த மோட்டாருக்கும் செலவிட்டால் நிலம் உள்ளவர் முதல் கோடைக்குள் எழுந்து நிற்கலாம்.

நிலம் இல்லாதவருக்கு? எங்கள் ஊரில் நடந்ததில் என் மனத்துக்கு மிகவும் நிறைவு தந்தது இதுதான். கீற்று முடையும் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து, தோப்புக்காரர் ஒருவரிடம் மூன்று ஆண்டுக்கு ஊடுபயிர் உரிமையை எழுதி வாங்கினார்கள். குத்தகைப் பணம் கிடையாது. பதிலுக்கு, அவர் வைத்திருக்கும் தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக் களை எடுத்துத் தர வேண்டும். விளையும் கடலையும் காய்கறியும் அவர்களுடையவை. விதைக்கும் உழவுக்கும் உண்டான செலவை நாங்கள் ஏற்றோம். கன்றும் பிழைத்தது, பெண்கள் கையிலும் காசு புரண்டது. வெறும் வாய்ச்சொல்லை நம்பாமல் எழுத்தில் போட்டதால்தான் மூன்று ஆண்டும் தகராறு இல்லாமல் போனது. விளைச்சல் நன்றாக இருப்பதைப் பார்த்ததும் நிலத்தைத் திரும்பக் கேட்கும் மனம் யாருக்கும் வரலாம்.

ஆடு கொடுப்பதும் நல்ல யோசனைதான், ஆனால் நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். முதல் மாதத்தில் கொடுத்தால் பசிக்கு விற்றுவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. சினை ஐந்து மாதம், குட்டி வளர ஆறேழு மாதம், ஆக ஓராண்டு காத்திருக்க வேண்டும். கன்று வைத்த ஊரில் ஆடு மேய்ந்தால் சண்டையும் வரும். கட்டி வளர்க்கத் தீவனப்புல் போட இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். பால்மாட்டுக்கு இதைவிடச் செலவு அதிகம், 10 லட்சத்தில் சில வீடுகளுக்குத்தான் எட்டும்.

வீடு கட்டுவதைச் சிறு குழுக்கள் எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. 10 லட்சத்தில் உருப்படியாக மூன்று வீடு கூட எழும்பாது, எழும்பாத வீடுகளின் மனத்தாங்கல் பல ஆண்டு நிற்கும். அரசு வீட்டுத் திட்டத்தில் பெயர் சேர்க்கப் பட்டா வேண்டும். கோயில் நிலத்திலும் புறம்போக்கிலும் இருப்பவர்களுக்கு அந்தப் பட்டாவுக்காக அலைந்து, மனு எழுதிக் கொடுப்பது பணத்தைவிடப் பெரிய உதவி.

குளம், ஏரி தூர்வாருதல் வேறு வகை. பேராவூரணிப் பெரிய ஏரியை 2019இல் இளைஞர்கள் பொதுமக்களிடம் பணம் திரட்டித் தூர்வாரினார்கள். அதைப் பார்த்துச் சுற்று வட்டாரத்தில் பல ஊர்கள் துணிந்தன. உடனே யாருக்கும் இதில் வருமானம் வராது. ஆனால் கன்றுக்கு முதல் இரண்டு கோடையிலும் தண்ணீர் இல்லையென்றால் மற்ற எல்லாச் செலவும் வீண். கோடைக்கு முன்னால் செய்ய முடிந்தால் செய்யுங்கள்.

இன்று மறுபடியும் அதே திண்ணையில் உட்கார்ந்தால் 10 லட்சத்தை இப்படிப் பிரிப்பேன். முதல் பத்து நாளுக்கு, ஜெனரேட்டருக்கும் தார்ப்பாய்க்கும், 1 லட்சம். இரண்டு ஏக்கருக்குக் கீழ் உள்ளவர்களின் தோப்பில் தடி அகற்ற 3 லட்சம், அதில் பெரும்பகுதி ஊர்க் கூலியாகவே போகும். ஊடுபயிருக்கும் மோட்டார், குழாய் பழுதுக்கும் 3 லட்சம், இதில் நிலமற்ற பெண்கள் குழுக்களுக்கு முதல் உரிமை. முதியவர்களுக்கும் தனித்து வாழ்பவர்களுக்கும் மாதத் தொகையாகவும், மூன்று மாதம் கழித்து ஆடுகளாகவும் 1.5 லட்சம். மீதி 1.5 லட்சத்தை இரண்டாம் ஆண்டுக்கு வங்கியில் வைத்திருப்பேன், அப்போதுதான் தகுந்த கன்று கிடைக்கும் என்பதற்காக. நெல்லும் கடலையும் முந்திரியும் உள்ள ஊரில் இந்தப் பங்கு மாறும். 2011 டிசம்பர் 30 தானே புயலில் முந்திரியை இழந்த பண்ருட்டிப் பக்கம் ஒட்டு முந்திரி மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கும் என்பதால் அங்கே கன்றுக்கு இன்னும் முன்னதாகவே பணம் ஒதுக்கலாம்.

பணத்தை மிச்சம் வைப்பதைத்தான் அனுப்பியவர்களுக்குப் புரியவைப்பது கடினம். எங்களிடமும் ஓராண்டு நிறைவன்று, "ஏன் இன்னும் செலவழிக்கவில்லை?" என்று கேட்டார்கள், அவர்கள் கேட்டதில் தவறில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் நின்றது, கூலி வேலை நின்றது, கோடை தொடங்கியிருந்தது. வங்கியில் கிடந்த அந்தச் சிறு தொகையில் டிராக்டர் டேங்கருக்கு வாடகை கொடுத்து, ஏப்ரல் முழுவதும் ஒரு கன்றுக்கு இரண்டு குடம் என்று அந்தப் பன்னிரண்டு பெண்களே ஊற்றினார்கள்.